மே மாதச் சனிக்கிழமையில் ராஜமலை: பாதி நாள் ரோட்டில், கால் மணி நேரம் வரையாட்டோடு

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மூணாறு பக்கத்தில் இருக்கிற இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், வண்டி பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2025 மே மாதம் ஒரு சனிக்கிழமை, அறுபத்தெட்டு வயது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் நான் பட்ட பாடு இது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வாடகை வண்டி ஓட்டிய தம்பியைத் தவிர கூட வேறு பெரியவர்கள் கிடையாது. என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூணாறு ரோட்டில் மணிக்கணக்காக வண்டி நகராமல் நின்றால், சர்க்கரை வியாதி இருக்கிற ஒரு வயதான அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நாங்கள் திண்டுக்கல். மகன் அப்போதுதான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு என்று படித்ததிலிருந்து அதை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வரையாடு நம் மலைகளிலும் உண்டு, ஆனால் பெரும்பாலும் செங்குத்தான பாறை முகடுகளில், நாம் நடந்து போய்ச் சேர முடியாத இடங்களில் நிற்கும். சாதாரணக் குடும்பம் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் கேரளாவில் இரவிகுளத்தின் ராஜமலைதான் சுலபமான இடம். பல தலைமுறைகளாக வேட்டைப் பயம் இல்லாமல் வளர்ந்த கூட்டம் என்பதால் அங்கே ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. அதோடு அந்த வருஷம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகளுக்கு உச்சவரம்பு வந்திருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இ-பாஸ் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையே வேண்டாம், மூணாறு போய்விடலாம் என்று எங்கள் தெருவிலேயே நாலு குடும்பம் பேசிக்கொண்டது. மற்ற ஊர்களிலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள் என்பது அங்கே போன பிறகு புரிந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்தால் பாதிக்குப் பாதி டிஎன்.

வெள்ளிக்கிழமை தேனி, போடி வழியாக ஏறினோம். போடிமெட்டில் டாக்ஸிக்குக் கேரள பெர்மிட் வேலையை முடித்துவிட்டு, பூப்பாறை, தேவிகுளம் தாண்டி மூணாறு சேரும்போது இருட்டிவிட்டது. ஏற்கெனவே பதிவு செய்த அறை, ஒரு இரவுக்கு 4,800 ரூபாய். மறுநாள் பதினொரு மணிக்கு ராஜமலைக்கு ஆன்லைனில் டிக்கெட். மதியம் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே போடிமெட்டு இறங்கி ராத்திரி வீடு சேர வேண்டும். இதுதான் திட்டம். விடுதியில் கேட்டதற்கு, "பத்து கிலோமீட்டர்கூட இல்லைம்மா, ஒன்பது மணிக்குக் கிளம்பினால் தாராளம்" என்றார்கள். தாராளமாக இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறது என்று நானும் நம்பினேன்.

மூணாறு ஊருக்குள்ளேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஊரின் அமைப்பு அப்படி. போடிமெட்டிலிருந்து வரும் சாலை, கொச்சியிலிருந்து வரும் சாலை, மாட்டுப்பட்டி அணைக்குப் போகும் சாலை, மறையூர் வழியாக உடுமலைக்குப் போகும் சாலை எல்லாம் அந்தச் சின்ன ஊரில்தான் வந்து சேர்கின்றன. ராஜமலை இருப்பது உடுமலை ரோட்டில். தேனிப் பக்கமிருந்து போகிறவர்கள் ஊரின் நடுவே நுழைந்துதான் அந்தப் பக்கம் போயாக வேண்டும், வேறு வழி இல்லை. ஊரைத் தாண்டினால் விடும் என்று பார்த்தால், அங்கேதான் உண்மையான நெரிசலே ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு, நடுவில் இரண்டு வண்டி விலகுகிற அகலம். அழகான வளைவு வரும் இடத்திலெல்லாம் போட்டோ எடுக்க வண்டியை ஓரம் கட்டுகிறார்கள். பூங்கா வாசலில் பார்க்கிங் நிறைந்த பிறகு வருகிறவர்களும் ரோட்டோரத்திலேயே நிறுத்துகிறார்கள். அதோடு இரண்டு வழி ஒரு வழியாகிவிடுகிறது. எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்தால் இரண்டு பக்கமும் அப்படியே நிற்க வேண்டியதுதான். பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது, மணிக்கு மணி ஸ்லாட் இருக்கிறது. அந்த வாசலுக்குப் போகிற ரோட்டுக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஆன்லைன் டிக்கெட் கையில் இருப்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். சீசனில் அந்த டிக்கெட் வாசலில் இருந்துதான் செல்லுபடி, வாசல் வரை போய்ச் சேருவது உங்கள் பாடு.

பத்தரை மணி வாக்கில் அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ஏன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்னும் பின்னும் வண்டி, ஓரத்தில் ஆளுயரம்கூட இல்லாத தேயிலைச் செடி. ஆண்கள் இறங்கி ஓரமாகப் போய்விட்டு வருகிறார்கள். எங்கள் வண்டிக்கு முன்னால் நின்ற வேனில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார், அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் எஸ்டேட் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஒன்று தெரிந்தது. தம்பியிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மாவையும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். முதல் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "வாங்கம்மா, வாங்க. சீசன் வந்தா தினம் யாராவது வருவாங்க" என்று நல்ல தமிழில் சொல்லி, பின்பக்கம் கூட்டிப் போனார். மூணாறு எஸ்டேட்டுகளில் தலைமுறையாக வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் நம் தென்மாவட்டங்களிலிருந்து போனவர்கள்தான். பாத்ரூமுக்குத் தண்ணீரை அவரே குடத்தில் தூக்கி வந்து ஊற்றினார். அந்த லயத்துக்குத் தண்ணீர் ஒரே குழாயில்தான் வருகிறது என்று பிறகுதான் கவனித்தேன். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். வண்டியிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளை அவர் பேத்திக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த பிஸ்கட் கொஞ்ச நேரத்தில் எங்களுக்கே தேவைப்பட்டது. அம்மா காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டிருந்தார். பன்னிரண்டு மணி சுமாருக்கு, "என்னமோ மாதிரி இருக்குத்தா" என்றார். தொட்டுப் பார்த்தால் மலைக்குளிரிலும் நெற்றி முழுக்க வியர்வை, விரல்கள் நடுங்குகின்றன. சர்க்கரை இறங்குகிறது என்று தெரிந்துவிட்டது. சின்னவளின் பையில் கடலை மிட்டாய் இருந்தது, அதைக் கொடுத்தால் மெல்லவே முடியவில்லை. பின்னால் நின்ற கோயம்புத்தூர் வண்டிக்காரர் பிளாஸ்கில் இருந்த காபியில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. "ஒண்ணுமில்லத்தா, நீ பதறாத" என்று அம்மா எனக்குத் தைரியம் சொன்னார். ஆனால் அந்தக் கால் மணி நேரம் என் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது போலத்தான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் எப்படிப் போவது? ஆம்புலன்ஸ் எங்களிடம் எப்படி வரும்? போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்களைக் கூட்டிப் போனால், குளுக்கோஸ் பொடியும் உடனே கரைகிற ஏதாவது இனிப்பும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டே போங்கள், தயிர்சாதமோ சப்பாத்தியோ. வழியில் கடை இருக்கிறதே என்றால், நெரிசலில் அந்தக் கடை உங்கள் கைக்கு எட்டாது. பயண நாளில் மாத்திரை நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் மைலில் பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. பதினொரு மணி ஸ்லாட் எப்போதோ போய்விட்டது. கவுண்டரில் இருந்தவர் அம்மாவின் கோலத்தைப் பார்த்துவிட்டு, வேறு பேருந்தில் இடம் பார்த்து ஏற்றிவிடுகிறேன், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார். எங்களைப் போல தாமதமாக வந்தவர்களே பெருங்கூட்டமாக நின்றார்கள். நம் வண்டிகளை மேலே விடுவதில்லை, வனத்துறைப் பேருந்தில்தான் போக வேண்டும். அந்த ஏற்பாடு நல்லதுதான், இல்லையென்றால் மேலே என்ன கதியாகும் என்று நினைக்கவே முடியவில்லை. பேருந்து கிடைக்கும்போது மூன்றேகால். மேலே போனால் முழுக்க மூடுபனி. ஆனைமுடி, 2,695 மீட்டர், இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் உயரமான சிகரம், கண் முன்னால்தான் இருக்கிறது. எங்களுக்கு அதன் அடிவாரம்கூடத் தெரியவில்லை.

வரையாட்டைப் பார்த்தோம். தார் ரோட்டின் ஓரத்துப் புல்லில் ஒரு தாயும், அந்த வருஷம் பிறந்த குட்டியும். பால் குடி மறக்காத வயதுதான் இருக்கும், சாம்பல் நிறத்தில், காதுகள் மட்டும் விறைத்துக்கொண்டு. சுற்றி முப்பது நாற்பது செல்போன். ஒருவர் குட்டிக்கு சிப்ஸ் நீட்டுகிறார். இன்னொருவர் செல்பிக்காக இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார். தாய் ரோட்டின் இந்தப் பக்கம், குட்டி அந்தப் பக்கம். தாய் முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டே நின்றது, தாண்டிப் போக இடம் இல்லை. காவலர் விசில் அடித்து விரட்டிக்கொண்டே ஓடி வந்தார். அவர் ஒரு கூட்டத்தை விலக்கினால் அடுத்த பேருந்தில் அடுத்த கூட்டம் வருகிறது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம தள்ளி நிப்போம்மா, அது பயப்படுது" என்றான். வருஷத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடி வைப்பதே குட்டிகள் நிம்மதியாகப் பிறந்து வளரட்டும் என்றுதான். பயப்படாமல் நிற்கிற விலங்கு என்பதால் தொடலாம், தீனி கொடுக்கலாம் என்று எப்படி மனசு வருகிறதோ! நம் மாநில விலங்கு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,303 தான். தயவுசெய்து பிள்ளைகளிடம் வண்டியிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்: ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, தீனி கூடாது, ஆட்டுக்கும் குட்டிக்கும் நடுவில் போகக் கூடாது.

மேலே எங்களுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். மழை வந்துவிட்டது. கீழே இறங்கி வண்டி எடுக்கும்போது ஐந்தரை. காலையில் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள், மூணாறு ஊருக்குள் வர எட்டரை ஆகிவிட்டது. தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான், "அக்கா, மழையும் பனியுமா இருக்கு. இந்நேரத்துக்கு போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுல இறங்க எனக்கு மனசில்ல." அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காலையிலிருந்து கிளட்சை மிதித்து மிதித்து அவன் கால் ஓய்ந்திருந்தது. மலைச்சாலையில் ஓட்டுநர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குமேல் பேசக் கூடாது. ஆனால் சனிக்கிழமை இரவு மூணாற்றில் அறை? ஏறி இறங்கிய இடமெல்லாம் இல்லை. கடைசியில் ஒரு மாடிக்கட்டடத்தில் பின்பக்க அறை, சுவரெல்லாம் ஈரம், 6,500 ரூபாய், ரொக்கமாக. பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. தம்பி வண்டியிலேயே படுத்தான். பிள்ளைகள் ஈரத் துணியோடு தூங்கிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அம்மா பார்க்கக் கூடாதே என்று பாத்ரூமில் போய் அழுதேன்.

கணக்குப் போட்டால், அந்த அறை 6,500. வண்டிக்கு ஒரு நாள் வாடகையும் ஓட்டுநர் பேட்டாவும் சேர்த்துக் கூடுதலாக 3,800. சாப்பாடு, டீசல் எல்லாம் சேர்த்து நினைத்ததைவிடப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போனது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. சீசனில் மலைக்குப் போனால், அவசரத்துக்கு ஒரு இரவு அறைக்கான பணத்தை ரொக்கமாகத் தனியே எடுத்து வையுங்கள். மருந்தும் மாற்றுத் துணியும் ஒரு நாளுக்கு அதிகமாகவே இருக்கட்டும்.

இதற்குப் பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மகன் விடவில்லை. லயத்து அக்கா அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தையும் மனசில் இருந்தது: "உடுமலப்பேட்டைப் பக்கமா வந்தா இந்தக் கூட்டத்துல மாட்ட மாட்டீங்கம்மா." செப்டம்பரில், ஓணம் முடிந்து காலாண்டு விடுமுறை தொடங்குவதற்கு முன், பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, வாரத்தின் நடுவில் கிளம்பினோம். பழனி, உடுமலை, சின்னார், மறையூர். இந்த வழியில் மூணாறு ஊருக்கு முன்பே பூங்கா வாசல் வந்துவிடும். மூணாறு ஊருக்குள் நுழையவே தேவையில்லை. இரவு மறையூரில் தங்கினோம், நல்ல சுத்தமான அறை 1,800 ரூபாய். காலையில் இருட்டு பிரிந்ததும் கிளம்பி, முதல் ஸ்லாட்டுக்கே போய்விட்டோம். வரிசையே இல்லை. அம்மா மேலே தானாக மெதுவாக நடந்தார், உட்கார்ந்து உட்கார்ந்து. தூரத்துப் பாறையில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று வரிசையாக இறங்கியதை மகன் பைனாகுலரில் எண்ணிக்கொண்டிருந்தான். காவலர் ஒருவர், முதுவர் பழங்குடியைச் சேர்ந்தவர், பிள்ளைகளைக் கூப்பிட்டு, முதுகு வெளுத்திருக்கிற கிடா எது, பெட்டை எது என்று காட்டிக் கொடுத்தார். மே மாதம் அவருக்கு அதற்கெல்லாம் ஏது நேரம். பத்து மணிக்கு நாங்கள் கீழே இறங்கிவிட்டோம்.

அதனால் நான் சொல்வது இதுதான். அறையையும் வண்டியையும் முதலில் பேசாதீர்கள். பூங்காவின் காலை முதல் ஸ்லாட் எந்தத் தேதிக்குக் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள், அது வார நாளாக இருக்கட்டும். அதற்குப் பிறகு மற்றதெல்லாம். திண்டுக்கல், கரூர், திருச்சி, கோவை, ஈரோடு பக்கத்துக்காரர்களுக்கு உடுமலை வழிதான் நல்லது. மதுரை, தேனிக்காரர்களுக்கு அது சுற்றுதான், என்றாலும் சீசனில் சுற்றிப் போவதே சீக்கிரம் என்பேன். ஒன்று மட்டும், சின்னார் காட்டுச் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். ரோட்டில் யானை நிற்கும், இருட்டில் அது வேண்டவே வேண்டாம். லீவு நாளில்தான் போக முடியும், வேறு வழியில்லை என்கிறவர்கள் ராஜமலைக்கு மட்டும் என்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், அன்றைக்கு மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் எதையும் சேர்க்காதீர்கள். அன்று ராத்திரிக்கும் அறை முன்பே உறுதியாக இருக்கட்டும். சர்க்கரை, மூட்டுவலி, கர்ப்பம் என்று யாராவது கூட இருந்தால், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் மே மாதச் சனி ஞாயிறு வேண்டாம். தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக்கைப் பூங்காவுக்குள் விட மாட்டார்கள்.

இன்னொன்று, இப்போதே சொல்லிவைக்கிறேன். இரவிகுளத்தில் நீலக்குறிஞ்சி கடைசியாகக் கூட்டமாகப் பூத்தது 2018. அந்த ஆகஸ்டில் பெரிய வெள்ளம் வந்து ரோடுகளே அடித்துப் போனதால் நினைத்த அளவு ஆட்கள் போக முடியவில்லை. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. போன தடவை பார்க்க முடியாதவர்கள் எல்லோரும் அந்த வருஷம் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் அதே ஒரு ரோட்டில்தான் வருவார்கள், நடுவில் ஓணமும் ஆயுத பூஜையும் வேறு இருக்கும். அம்மாவைக் கூட்டிப் போக நான் இப்போதே முடிவு செய்துவிட்டேன்: பண்டிகை வாரங்களை விட்டுவிட்டு, செவ்வாய் அல்லது புதன், மறையூரில் அறை, முதல் ஸ்லாட். பதிவு தொடங்கும் அன்றே எடுத்துவிடுவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.